போடாத ரோட்டில் ஓடிய வண்டிகள்

தலைநகரத்தில், குளிரூட்டிய ஒரு பெரிய மண்டபத்தில், மாலையும் கழுத்துமாக நின்ற மந்திரி ஒருவர், இரண்டு மாநிலங்களை இணைக்கப்போகும் ஆறுவழிச் சாலைக்கு மேடையில் இருந்தபடியே ஒரு பொத்தானை அழுத்தி அடிக்கல் நாட்டிய அதே நேரத்தில், வெகுதூரம் தள்ளி, எல்லை மலையின் அடிவாரத்துப் பூதிப்பள்ளத்தில், சம்பங்கித் தோட்டத்தில் குனிந்து களை பிடுங்கிக்கொண்டிருந்த மாதம்மாவின் முதுகுக்குப் பின்னால் ஒரு லாரி ஹாரன் அடித்தது.

ரோட்டில் நடக்கிறவள் ஒதுங்குவதுபோல மாதம்மா வரப்பில் ஏறி ஒதுங்கினாள். ஒதுங்கிய பிறகுதான் திரும்பிப் பார்த்தாள். ரோடும் இல்லை, லாரியும் இல்லை. ஆனால் சூடான காற்று முகத்தில் அறைந்தது, முந்தானை படபடத்தது, டீசல் வாடை மூக்கில் ஏறியது, சம்பங்கிச் செடிகள் ஒரு பக்கமாகச் சாய்ந்து படுத்து மறுபடி எழுந்து நின்றன. அது போன பிறகு ஒரு பஸ், பஸ்ஸுக்குப் பின்னால் ஒரு கார், அப்புறம் இடைவெளியே இல்லாமல் எல்லாமும். சாயங்காலத்துக்குள் பக்கத்துத் தோட்டத்துப் பெருமாக்காவின் சினையாடு வெறும் வெயிலில், வெறும் தரையில், எதிலோ மோதித் தூக்கி எறியப்பட்டுச் செத்துக் கிடந்தது.

எல்லை மலையின் கணவாயில் இறங்கி, கேழ்வரகுக் கொல்லைகளைக் குறுக்கே அறுத்து, மாதம்மாவின் வீட்டுக்கும் கிணற்றுக்கும் நடுவே நுழைந்து, பள்ளிக்கூட மைதானத்தைத் தாண்டிக் கிழக்கே போயிற்று அந்த வண்டிகளின் வழி. போன வருஷம் சர்வே ஆட்கள் வந்து மஞ்சள் பெயின்ட் அடித்த கல் நட்டுவிட்டுப் போன அதே கோடுதான், ஒரு முழம் இப்படி அப்படி இல்லை. செடியையும் கொடியையும் அந்த வண்டிகள் ஒன்றும் செய்யவில்லை. ரத்தம் ஓடுகிற எதுவும் குறுக்கே வந்தால் மட்டும் அடித்துத் தள்ளிவிட்டுப் போயின.

முதல் சில நாட்கள் ஊர் பயந்தது. அப்புறம், எதற்கும் பழகுகிற ஊர்கள் எப்படிப் பழகுமோ அப்படிப் பழகிக்கொண்டது. தண்ணிக்குப் போகிற பெண்கள் குடத்தை இடுப்பில் வைத்தபடி கோட்டின் ஓரத்தில் நின்று, காதைத் தீட்டிக் கேட்டு, சத்தம் ஓய்ந்த நொடியில் சேலையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடிக் கடந்தார்கள். பள்ளிக்கூடத்தில் காலை வணக்கத்தைச் சமையல்கூடத்துக்குப் பின்னால் மாற்றினார்கள். முனியப்பன் கோயில் பூசாரி செவ்வாய்க்கிழமைதோறும் கோட்டின் மேல் எலுமிச்சம்பழம் வைத்தார், எந்தச் சக்கரமும் அதை நசுக்கவில்லை, ஆனாலும் வைத்தார். டீக்கடைச் சென்றாயன் தன் கடையைப் பிரித்துக் கொண்டுவந்து கோட்டோரமாகப் போட்டு, என்றைக்காவது ஒரு வண்டி நிற்காதா என்று பாலைச் சுண்டக் காய்ச்சிக்கொண்டு உட்கார்ந்தான். பெண் பார்க்க வந்தவர்கள், வீடு ரோட்டுக்கு இந்தப் பக்கமா அந்தப் பக்கமா என்று கேட்ட பிறகுதான் காபித் தம்ளரைக் கையில் வாங்கினார்கள். அந்தச் சத்தத்திலேயே பிறந்த குழந்தைகள் அந்தச் சத்தத்தில்தான் தூங்கின, சத்தம் கொஞ்சம் ஓய்ந்தால் வீறிட்டு அழுதன. ஆம்புலன்ஸ் ஊளையிட்டுக்கொண்டு போகும்போது வயலில் இருந்த பெண்கள் நிமிர்ந்து, இன்னும் யாருக்கும் வராத நோய்க்காக, "மாரியாத்தா, யார் பெத்ததோ காப்பாத்து" என்று கும்பிட்டார்கள்.

இது எதனால் என்று கேட்கவும் ஊர் மறக்கவில்லை. அளக்க வந்த சின்ன எஞ்சினியர் அருள்செல்வன், சென்றாயன் கடையில் டீயைக் கையில் வைத்துக்கொண்டு, தலையைக் குனிந்தபடியே சொன்னான்.

"இந்த ரோட்டுக்கு வெளிநாட்டு பாங்கு கடன் குடுக்குது. இவ்வளவு வண்டி ஓடும்னு காட்டினாத்தான் குடுப்பாங்க. பழைய ரோட்டுல நின்னு எண்ணிப் பாத்தோம், பத்தல. அதனால ஆபீஸ்ல உக்காந்து எண்ணினோம். எண்ணிட்ட வண்டி எங்கயாச்சும் ஓடித்தானே ஆகணும்?"

அடுத்த வாரமே அவனைக் கடலோரத்தில் எங்கோ மாற்றிவிட்டார்கள்.

மாதம்மாவின் புருஷன் தீர்த்தகிரி நெடுநெடுவென்று வளர்ந்த ஆள், வாய்த் துடுக்குக்காரன். அவர்களுடைய ஒரே மகளை ஓசூரில் கட்டிக்கொடுத்திருந்தார்கள், வீட்டில் இவர்கள் இருவர்தான். கண்ணுக்குத் தெரியாத லாரிகளை அவற்றின் அம்மா அக்காவையெல்லாம் இழுத்துத் திட்டுவான். விடியலில் பூப்பறித்த கூடையோடு மாதம்மா கோட்டைக் கடக்க நிற்கும்போது, இவன் முன்னால் போய் நின்று, காதைச் சாய்த்துக் கேட்டு, தோளில் கிடந்த துண்டை எடுத்து டிராபிக் போலீஸ்காரன் மாதிரி குறுக்கே நீட்டி, "ம், ராணியம்மா போகலாம்" என்பான். மாதம்மா சிரிப்பை அடக்கிக்கொண்டு கடந்த பிறகுதான் அவன் வருவான். கூப்பிடுவதென்றால் "இன்னாமே" என்று கூப்பிடுவான், கோபமென்றாலும் அதேதான், பிரியமென்றாலும் அதேதான்.

கடன் கொடுக்கிற பாங்கிலிருந்து ஒரு வெள்ளைக்காரம்மாவும் சில பேரும் ஊரைப் பார்க்க வந்தார்கள். கூட வந்த திட்ட அதிகாரி, மாடுகளைக் கட்டிப்போடச் சொல்லி முன்கூட்டியே ஆள் அனுப்பியிருந்தார். அவர்கள் கோட்டோரமாக நின்று பேசிக்கொண்டிருக்கும்போது பெரிய டாரஸ் லாரி ஒன்று இரைந்துகொண்டு கடந்தது, அந்தம்மாவின் குடை மல்லாக்கத் திரும்பிக்கொண்டது. "மலைக்காற்று" என்றார் அதிகாரி. அந்தம்மா அதைக் குறித்துக்கொண்டு, எதிரில் நின்ற தீர்த்தகிரியைப் பார்த்து என்னவோ கேட்டாள்.

"இந்த ரோட்டால உனக்கு ஏதாச்சும் கஷ்டம் இருக்குதான்னு மேடம் கேக்கறாங்க" என்றார் அதிகாரி.

"ரோடு இன்னும் வரவே இல்லீங்க, அதுக்குள்ள பெருமாக்கா ஆட்டைத் தூக்கிடுச்சு. நாளைக்கு வந்துச்சுன்னா ஆளைத் தூக்கும். அப்படியே சொல்லுங்க."

அதிகாரி அந்தம்மாவிடம் திரும்பி இங்கிலீஷில் நீளமாகச் சொன்னார். அந்தம்மாவின் முகம் மலர்ந்தது. இரண்டு கையாலும் தீர்த்தகிரியின் கையைப் பிடித்துக் குலுக்கினாள். ரோடு எப்போது வரும் என்று இவர் வழிமேல் விழி வைத்துக் காத்திருக்கிறார் என்று அதிகாரி சொன்னதாக, கூட்டத்தில் நின்ற டீச்சர் பிற்பாடு சொன்னாள். தீர்த்தகிரி அன்றைக்கு முழுக்க, அந்தம்மா குலுக்கிய கையைத் தொட்டித் தண்ணீரில் கழுவிக்கொண்டே இருந்தான்.

மார்கழியில் ஒரு விடியல், பனி இறங்கிக் கொண்டிருந்தது. சம்பங்கிக் கூடையோடு மாதம்மா கடந்துவிட்டாள். தீர்த்தகிரி வழக்கம்போல நின்று கேட்டான். ஒரு சத்தமும் இல்லை. துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு, "இன்னாமே, இன்னிக்குப் பூ வெல..." என்று ஆரம்பித்துக்கொண்டே இறங்கினான். அந்தப் பேச்சு முடியவில்லை. டீசலும் இல்லாமல் இரைச்சலும் இல்லாமல், இனிமேல் வரப்போகிற காலத்தின் கார் ஒன்று, கரண்டில் ஓடுகிற கார், பூனைபோல வந்து அவனைத் தூக்கிக் கேழ்வரகுக் கொல்லைக்குள் வீசிவிட்டுப் போயிற்று. மாதம்மா கூடையைப் போட்டுவிட்டு, காது கொடுத்துக் கேட்காமல், இடமும் வலமும் பார்க்காமல், அப்படியே குறுக்கே ஓடினாள். அவள் போய்த் தலையை மடியில் எடுத்து வைத்தபோது அவன் கண் திறந்திருந்தது, பனித்துளி விழுந்தும் இமைக்கவில்லை.

டவுன் ஸ்டேஷனிலிருந்து இன்ஸ்பெக்டர் வந்தார்.

"எதுல அடிபட்டாரு?"

"காருங்க. சத்தமில்லாத கார்."

"எந்த ரோட்டுல?"

மாதம்மா கையை நீட்டிக் காட்டினாள்.

"இது சம்பங்கித் தோட்டம்மா" என்றார் இன்ஸ்பெக்டர். "ரோடு எங்க இருக்குது? ரோடே இல்லாம ரோடு விபத்துன்னு நான் எப்படி எழுதறது?"

சொல்லிவிட்டு, தென்னைமரத்தடியில் நிறுத்தியிருந்த ஜீப்புக்குப் போகத் திரும்பினவர், கோட்டோரம் வந்ததும் நின்றார். வலது பக்கம் பார்த்தார். இடது பக்கம் பார்த்தார். ஒரு லாரி போகட்டும் என்று காத்திருந்தார். அப்புறம் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிக் கடந்தார். ஜீப்பில் ஏறி உட்கார்ந்து, வீட்டு மாடு முட்டியதில் மரணம் என்று எழுதிக்கொண்டு போனார்.

அவர்கள் வீட்டில் ஒரே மாடுதான் இருந்தது. பால் வற்றிப்போன செவலை. ஈ உட்கார்ந்தால்கூட வாலை வீச யோசிக்கிற கிழட்டு மாடு. காரியம் முடிகிறவரைக்கும் வந்தவர்கள் எல்லாரும், பெற்ற மகள் உட்பட, உள்ளே நுழையும்போது அந்த மாட்டை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு நுழைந்ததை மாதம்மா பார்த்தாள். அழவேண்டிய இடத்தில் அவளுக்கு அழுகை வரவில்லை. அடிவயிற்றில் ஒரு நெருப்பு பற்றி, அது சோற்றை இறங்கவிடாமல், தூக்கத்தை வரவிடாமல், மகள் "எங்கூட வந்துடும்மா" என்று கையைப் பிடித்து இழுத்தபோது அந்தக் கையை உதறவைத்து, நின்று எரிந்தது.

திங்கள்கிழமை கலெக்டர் ஆபீசுக்கு மனு கொடுக்கப் போனாள். வரிசையில் நின்று உள்ளே போனபோது, நிலம் எடுக்கிற பிரிவு அதிகாரி கம்ப்யூட்டரைப் பார்த்துவிட்டுச் சொன்னார்.

"உன் பேர்ல நிலமே இல்லியேம்மா. அது போன வருஷமே ரோட்டுக்குன்னு எடுத்தாச்சு. இப்ப அது ரோடு."

"அது ரோடுதானுங்களே?"

"ஆமா."

"அப்ப ரோட்டுல அடிபட்டுத்தான் என் வீட்டுக்காரர் செத்தாரு."

அதிகாரி கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அதெப்படிம்மா? ரோடு இன்னும் போடவே இல்லியே."

"எங்கிட்ட இருந்து புடுங்கறதுக்கு மட்டும் ரோடு இருக்குது. என் புருஷனைக் கொன்னதுக்கு ரோடு இல்ல. இது எந்த ஊர் நியாயம்?" என்று அந்த ஹால் முழுக்கக் கேட்கும்படி கத்தினாள் மாதம்மா. போலீஸ்கார அம்மா ஒருத்தி அவளை வெளியே கூட்டிக்கொண்டு வந்து, குடிக்கத் தண்ணீர் கொடுத்து, பஸ் ஏற்றிவிட்டாள்.

ஊருக்கு வந்தால் சென்றாயன் டீயை நீட்டிக்கொண்டே சொன்னான், "வுடு அண்ணி. ஊரே பழகிடுச்சு. நீயும் பழகிக்கோ."

கையில் இருந்த டீயை அவன் அடுப்பிலேயே ஊற்றினாள் மாதம்மா. "எதுக்குடா பழகணும்? நடு வீட்டுல வந்து அடிச்சிட்டுப் போறான், காதைத் தீட்டிக் கேட்டுக் கேட்டு நாம ஒதுங்கணுமா? எலுமிச்சம்பழம் வெக்கறீங்க, கும்புடு போடறீங்க, ஓரமா கடை போடறீங்க. ஒருத்தனாச்சும் நில்லுடான்னு சொன்னீங்களாடா?"

சென்றாயன் குனிந்து அடுப்பை ஊதினான், பெஞ்சில் இருந்தவர்கள் தலையைக் குனிந்து தம்ளரைப் பார்த்தார்கள். அவளுக்கு வண்டிகள் மேல் இருந்த கோபத்தைவிட, அந்த நிமிஷம், அந்தக் குனிந்த தலைகளின் மேல்தான் கோபம் அதிகமாக இருந்தது.

தை பிறந்ததும் நிஜமான இயந்திரங்கள் வந்தன, கண்ணுக்குத் தெரிகிற மஞ்சள் இயந்திரங்கள். முதல் நாளே கணவாய்ப் பக்கமிருந்து வந்த ஏதோ ஒன்று மண் அள்ளுகிற ஒரு வடநாட்டுக்காரனின் காலை முறித்தது. உடனே கம்பெனிக்காரர்கள் விழித்துக்கொண்டார்கள். ஆடும் மனிதனும் செத்தபோது கண்ணுக்குத் தெரியாத ரோடு, வேலை கெடும் என்றதும் அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. கோட்டின் இரண்டு பக்கமும் இரும்புக் கம்பம் நட்டு, சிவப்பும் வெள்ளையுமாகப் பட்டை கட்டினார்கள். மாதம்மாவின் வீட்டுக்கு நேர் எதிரே, கிணற்றுக்குப் போகிற வழியை அடைத்து, ஒரு பலகையை ஊன்றினார்கள். மாதம்மா எழுத்துக் கூட்டிப் படிப்பாள். நின்று படித்தாள். "வாகனங்கள் செல்லும் பாதை. பொதுமக்கள் குறுக்கே வரக் கூடாது."

அதை இரண்டு தரம் படித்தாள். அப்புறம் பட்டையைத் தூக்கிக் குனிந்து உள்ளே போய், காலை வெயில் சுள்ளென்று அடித்துக்கொண்டிருந்த அந்தக் கோட்டின் நட்டநடுவில், கணவாயைப் பார்த்தபடி, சப்பணம் போட்டு உட்கார்ந்தாள்.

காவலுக்கு நின்றவன் அலறினான். ஒரு லாரி கணவாயில் இறங்கி வருவது எல்லார் காதுக்கும் கேட்டது. ஹாரன் அடித்தது. இன்னும் அடித்தது. மாதம்மா அசையவில்லை. பிரேக் கிறீச்சிட்ட சத்தத்தில் தென்னைமரத்துக் காக்கைகள் எல்லாம் கலைந்தன, ரப்பர் தீய்ந்த வாடை ஊரெல்லாம் பரவியது, ஒரு இன்ஜினின் சூடு மாதம்மாவின் முகத்துக்கு ஒரு சாண் தூரத்தில் வந்து உறுமிக்கொண்டு நின்றது. நெற்றியில் இருந்த வியர்வை அந்தச் சூட்டில் காய்ந்தது. அதன் பின்னால் இன்னொன்று நின்றது, அதன் பின்னால் இன்னொன்று, பஸ்கள், டேங்கர்கள், கல்யாண வண்டிகள், கோழி வண்டிகள். ஹாரன் சத்தம் கொல்லைகளைத் தாண்டி, கணவாயைத் தாண்டி, மலைக்கு அந்தப் பக்கத்து மாநிலம் வரைக்கும் நீண்டுகொண்டே போயிற்று. கதவுகள் திறந்து அறைபட்டன. கன்னடத்திலும் தெலுங்கிலும் இந்தியிலும், முகம் தெரியாத குரல்கள் அவளை ஏசின. அதற்கு நடுவே ஆம்புலன்ஸ் ஒன்று ஊளையிட்டது. மாதம்மா எழுந்து ஒதுங்கி, அது ஒன்றை மட்டும் போகவிட்டு, மறுபடி அதே இடத்தில் உட்கார்ந்தாள்.

பெருமாக்கா தன் வீட்டு வாசலில் நின்று கொஞ்ச நேரம் பார்த்தாள். அப்புறம் தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு வந்து பட்டைக்குள் நுழைந்து, "என் சினையாடு" என்று மட்டும் சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குடங்களோடு நின்ற பெண்கள் குடத்தைக் கவிழ்த்துவிட்டு வந்தார்கள். உச்சி வெயிலுக்குள் கோடு நிறைந்துவிட்டது. சென்றாயன்கூட அடுப்பை அணைத்துவிட்டு, யாருடைய முகத்தையும் பார்க்காமல், கடைசியாக வந்து உட்கார்ந்தான்.

தாசில்தார் வந்தார், திட்ட அதிகாரி வந்தார், இன்ஸ்பெக்டர் இரண்டு வேன் போலீசோடு வந்தார். திட்ட அதிகாரியின் காதிலிருந்து போன் இறங்கவே இல்லை. "இல்ல சார், நிக்குது சார், எல்லாமே நிக்குது சார்" என்று அவர் யாரிடமோ வியர்த்துக்கொண்டிருந்தார். வண்டி எண்ணிக்கை திடீரென்று பூஜ்யமாகிவிட்டதே என்று பாங்கிலிருந்து கேட்கிறார்களாம், அடுத்த தவணைக் கடனை நிறுத்தி வைத்துவிட்டார்களாம்.

இன்ஸ்பெக்டர் மாதம்மாவின் முன்னால் வந்து நின்றார். "எழுந்திரும்மா. போக்குவரத்து நிக்குது."

"எந்தப் போக்குவரத்துங்க?"

"வெளையாடாத. ரோட்டை மறிச்சிக்கிட்டு உக்காந்திருக்க."

"எந்த ரோடுங்க? நான் என் சம்பங்கித் தோட்டத்துல உக்காந்திருக்கறேன். நீங்கதானே சொன்னீங்க."

இன்ஸ்பெக்டர் வாயைத் திறந்தார். அவர் சொல்லவந்ததை ஒரு டேங்கரின் ஹாரன் விழுங்கிவிட்டது. ஹாரன் அடங்கும்வரை பொறுத்திருந்த மாதம்மா அண்ணாந்து பார்த்து, மெதுவாக, ஒவ்வொரு வார்த்தையாகக் கேட்டாள். "சொல்லுங்க. இது இன்னா இடம்?"

"நெடுஞ்சாலை" என்றார் இன்ஸ்பெக்டர், பல்லைக் கடித்துக்கொண்டு. "போதுமா? இது நெடுஞ்சாலை. தூக்கி ஏத்துங்கடி இவள."

மற்றவர்களைப் பட்டைக்கு வெளியே இழுத்துத் தள்ளிவிட்டு, பெண் போலீசார் அவளைக் கையும் காலுமாகத் தூக்கி வேனில் ஏற்றினார்கள். வேனின் கம்பி ஜன்னல் வழியாக, உறுமிக்கொண்டு நின்ற வண்டிகள் ஒவ்வொன்றாக நகர்ந்து போகிற சத்தத்தை அவள் கேட்டுக்கொண்டே போனாள்.

மறுநாள் கோர்ட்டில் நிறுத்தினார்கள். சின்ன வயசு மாஜிஸ்திரேட். அரசு வக்கீல் எழுந்து, இன்ன நெடுஞ்சாலையில், இன்ன இடத்தில், இரண்டு மாநிலங்களுக்கு இடையேயான வாகனப் போக்குவரத்தை இந்தப் பெண் தடுத்து நிறுத்தினாள், பொதுமக்கள் பெருந்துன்பம் அடைந்தார்கள் என்றார். ஆமாம், என் கண்முன்னால்தான் நடந்தது என்று இன்ஸ்பெக்டர் சத்தியம் பண்ணிச் சொன்னார்.

"குற்றத்தை ஒத்துக்கறீங்களாம்மா?" என்று கேட்டார் மாஜிஸ்திரேட்.

"ஒத்துக்கறேன் சாமி. ரோடு இருந்துச்சு, வண்டி வந்துச்சு, நான் மறிச்சேன். நான் சொன்ன மாதிரியே எழுதிக்கோங்க."

மாஜிஸ்திரேட் பேனாவை நிறுத்தி அவளை ஒரு நிமிஷம் ஏறிட்டுப் பார்த்தார். அப்புறம் அப்படியே எழுதினார். அந்தச் சாலையில் போக்குவரத்தைத் தடுத்த குற்றம் நிரூபணமானதாகவும், கோர்ட் கலைகிறவரைக்கும் அங்கேயே உட்கார்ந்திருப்பதுதான் தண்டனை என்றும் தீர்ப்புச் சொன்னார். சுவரோரத்துப் பெஞ்சில் மாதம்மா சாயங்காலம்வரை உட்கார்ந்திருந்தாள். எத்தனையோ நாளைக்குப் பிறகு அன்றைக்குத்தான் அவளுக்குப் பசித்தது. பெருமாக்கா வாங்கிவந்த இரண்டு இட்லியையும் அந்தப் பெஞ்சிலேயே உட்கார்ந்து சாப்பிட்டாள்.

கோர்ட் கலைந்ததும் நேராக எதிர்த்தாற்போல் இருந்த ஸ்டேஷனுக்குப் போனாள். இன்ஸ்பெக்டர் அப்போதுதான் வந்து பெல்ட்டைத் தளர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என் வீட்டுக்காரர் நெடுஞ்சாலையில கார் மோதிச் செத்துட்டாருங்க" என்றாள் மாதம்மா. "எழுதிக்குங்க. ரோடு இருக்குதுன்னு இன்னிக்குத்தான் கோர்ட்டுல நீங்களே சத்தியம் பண்ணீங்க."

ஸ்டேஷனில் இருந்த எல்லாரும் எழுதுவதை நிறுத்திவிட்டு நிமிர்ந்தார்கள். இன்ஸ்பெக்டர் மேஜைமேல் இருந்த பேப்பர் வெயிட்டை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமாக உருட்டினார். வெகுநேரம் உருட்டினார். அப்புறம் முகத்தில் மெல்ல ஒரு தெளிவு வர, நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

"எழுதலாம்மா. தாராளமா எழுதலாம். மோதின வண்டியோட நம்பர் சொல்லு. நம்பர் இல்லாம எந்த வண்டின்னு நான் தேடறது?"

மாதம்மா அவரைப் பார்த்துக்கொண்டே நின்றாள்.  மேஜையை அப்படியே புரட்டிப்போட்டுவிடலாம் போல இருந்தது. ஆனால் புரட்டவில்லை. கும்பிடும் போடாமல் திரும்பி வெளியே வந்து, பெருமாக்காவோடு கடைசி பஸ்ஸைப் பிடித்தாள்.

பொழுது விடிந்து, சம்பங்கி பறிக்கிற நேரத்தில், இரும்புக் கம்பத்தில் கட்டியிருந்த பட்டையை அரிவாளால் அறுத்துப் போட்டுவிட்டு மாதம்மா உள்ளே போனாள். இந்தத் தடவை கூப்பிடாமலேயே பூதிப்பள்ளத்துப் பெண்கள் பின்னால் வந்தார்கள். கணவாயிலிருந்து முதல் லாரி இறங்கி வந்தது. ஹாரன் அடித்தது, பிரேக் போட்டது, உறுமிக்கொண்டு அவள் முகத்துக்கு நேரே நின்றது.

"வண்டி நம்பர் இன்னா?" என்று கேட்டாள் மாதம்மா.

மேலேயிருந்து ஒரு குரல் தயங்கித் தயங்கித் தன் நம்பரைச் சொல்லிற்று.

"மார்கழியில நீ இந்தப் பக்கம் வந்தியா?"

"இல்லம்மா."

"சரி, போ" என்று ஒதுங்கி வழிவிட்டாள். அது போனதும் மறுபடி நடுவில் வந்து நின்று, அதற்குப் பின்னால் இருந்ததைக் கை காட்டி நிறுத்தினாள். அந்த வரிசை மலையைத் தாண்டி நின்றது. அவளுக்கு அவசரம் ஒன்றும் இல்லை.